நுழைவுத் தேர்வு டைம்டேபிளின் கதை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று குழு நண்பர்கள் கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை என்னைவிட நன்றாக எழுதப் பலர் இருக்கிறார்கள். கட்டடம் எப்போது வந்தது, கேன்டீன் எங்கே இருந்தது, முதல் பேட்ச்சில் யார் யார் என்பதெல்லாம் அவர்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது, இந்தக் கேட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்னால் நாம் அத்தனை பேரும் செய்த ஒரு காரியம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினோமே, அந்த நுழைவுத் தேர்வு டைம்டேபிள்.

சிரிக்காதீர்கள். அதற்கும் ஒரு நீளமான வரலாறு இருக்கிறது. தேடிப் படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

எழுநூறு வருடத்துக்கு முந்தைய அட்டவணை

தேர்வு வைத்து ஆள் எடுக்கும் பழக்கம் சீனத்தில் மிகப் பழமையானது. அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்டித் தேர்வு அங்கே ஆயிரம் வருடத்துக்கு மேல் நடந்து, 1905-இல்தான் ஒழிந்தது. நடுவில் மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சக் காலத்தில் அந்தத் தேர்வு நின்றுபோயிருந்தது. 1313-இல் ஆணை பிறப்பித்து, 1315-இல் மறுபடி நடத்தினார்கள். அதே 1315-ஐ ஒட்டி, செங் துவான்லி என்ற ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். வருடவாரியாக, நாள்வாரியாக ஒரு மாணவன் என்ன படிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தேர்வு திரும்பி வந்ததும் டைம்டேபிளும் வந்துவிட்டது பாருங்கள்.

அந்தத் திட்டம் இப்படிப் போகிறது. எட்டு வயதிலிருந்து பதினைந்து வரை மூல நூல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் பார்த்து நூறு தரம், பார்க்காமல் நூறு தரம் சொல்ல வேண்டும். பதினைந்துக்கு மேல் உரைகள், பிறகு வரலாறு, நல்ல உரைநடை. தேர்வுக்கென்று கட்டுரை எழுதிப் பழகுவது இருபது வயதை ஒட்டிக் கடைசி இரண்டு மூன்று வருடங்கள் மட்டும். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அன்றன்று முடித்ததைக் குறித்துக்கொள்ள வெற்றுக் கட்டங்கள் போட்ட மாதிரித் தாள்களையும் அவர் கொடுத்திருக்கிறார். நாம் டிக் அடித்தோமே, அதே கட்டம். அரசாங்கம் அந்தப் புத்தகத்தை ஊர் ஊராகப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி வைத்ததாக அந்த வம்சத்தின் வரலாறு சொல்கிறது.

ஆனால் பதினைந்து வருடம் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து படிக்க எந்த வீட்டுப் பையனால் முடியும்? நிலத்தில் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லாத வீட்டுப் பையனால்தான் முடியும். இந்தக் கேள்வி கட்டுரை முழுக்க நம்மோடு வரும்.

மெட்ரிகுலேஷன் காலம்

நம் ஊருக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதில் சேர முதலில் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பெயர்தான் மெட்ரிகுலேஷன். நமக்கு அது ஏதோ ஒரு பள்ளி வகையின் பெயராகத் தெரிகிறது; அன்றைக்கு அது பல்கலைக்கழகத்தின் வாசற்படி. தேர்வு முழுக்க ஆங்கிலத்தின் கையில் இருந்தது. ஆங்கிலம் வராதவன் கணக்கில் புலியாக இருந்தாலும் அந்தப் படியைத் தாண்ட முடியாது.

தாண்டியும் தடுக்கி விழுந்தவர் ஒருவர் உண்டு. கும்பகோணம் சீனிவாச ராமானுஜன். 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904-இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். அந்த நேரத்தில் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. ஜி.எஸ். கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு. சுமார் 5000 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக அடுக்கியவை. இந்தக் கார் யார் என்றால், கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த ஒரு டியூஷன் வாத்தியார். அதாவது உலகப் புகழ் பெற்ற அந்தப் புத்தகம், இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு கோச்சிங் மெட்டீரியல்!

ராமானுஜனோ அந்த மெட்டீரியலை வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படிக்கவில்லை, கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை. ஐந்து பாடத்துக்கும் சமமாக நேரம் பிரித்துக் கொடுக்கும் டைம்டேபிள் அவருக்கு ஒத்துவரவில்லை. அவருடைய கதை எல்லாருக்கும் முன்மாதிரி ஆகாது. ஆனால் ஒரு தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது என்று யோசிக்க நம் மாநிலத்திலேயே கிடைக்கிற முதல் உதாரணம் அவர்தான்.

மார்க்கும் பேட்டியும்

சுதந்திரம் வந்த பிறகு மருத்துவம், பொறியியல் இடங்களுக்குப் போட்டி ஏறிக்கொண்டே போயிற்று. யாருக்கு இடம் என்பது அடிக்கடி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்துக்கும் கணக்கு இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே வருடம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே அதற்காக வந்தது. மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பிரித்த முறையும் 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் அடிபட்டுப் போயிற்று.

அப்புறம் பேட்டி. பி.யு.சி. மார்க்கோடு நேர்முகத்துக்கும் மார்க் உண்டு. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மார்க்கில் 75 பேட்டிக்குப் போனது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 75 பார்த்த மாத்திரத்திலேயே அதிகம் என்று கருத்துச் சொன்னது. எங்கள் பெரியவர்களைக் கேட்டால் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: "மார்க் வாங்கறது நம்ம கையில இருந்துச்சு, பேட்டி யார் கையிலயோ இருந்துச்சு."

இது டைம்டேபிளோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பேட்டிக்கு டைம்டேபிள் போட முடியாது. எந்தக் கேள்வி வரும், எந்தச் சட்டை போட வேண்டும், யார் சிபாரிசு வேண்டும் என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. படித்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் ஒருவன் ஸ்கேலும் பேனாவும் எடுத்துக் கோடு போடுவான். அந்த வகையில் பார்த்தால், 1984-இல் வந்த நுழைவுத் தேர்வு பலருக்கு ஒரு நம்பிக்கையாகத்தான் வந்தது.

1984: இருநூறும் நூறும்

1978-இல் பி.யு.சி. போய் மேல்நிலைக் கல்வி, அதாவது பிளஸ் டூ, பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய உபகாரம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு தொடங்கியது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் முளைக்கத் தொடங்கியதும் அதே 1984-ஐ ஒட்டித்தான். இடமும் பெருகிற்று, போட்டியும் பெருகிற்று.

அந்தக் கணக்கு நம் வயதுக்காரர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் 300. அதில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. பொறியியலுக்குப் பிளஸ் டூ கணக்கு 200 மார்க்கை 100 ஆகச் சுருக்குவார்கள். இயற்பியல் 200-ஐ 50 ஆக, வேதியியல் 200-ஐ 50 ஆக. நுழைவுத் தேர்வில் கணக்குக்கு 50, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 50. மருத்துவத்துக்குக் கணக்கு இருக்கிற இடத்தில் உயிரியலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நிதானமாகக் கூட்டிப் பாருங்கள். 300-இல் கணக்குக்கு மட்டும் 150. பாதி! பிளஸ் டூவில் கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை மார்க் போச்சு. இயற்பியலில் ஒரு மார்க் போனால் கால் மார்க்தான். தமிழும் ஆங்கிலமும் 1200-இல் 400 மார்க், கட்-ஆஃபில் பூஜ்யம். அந்தக் கால டைம்டேபிள் ஒன்றை எடுத்துப் பார்த்தால் இந்தச் சூத்திரம் அப்படியே பதிந்திருக்கும். தினமும் காலையில் கணக்கு. சாயங்காலம் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. தமிழுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த பின் ஒரு அரைமணி, அதுவும் தூக்கம் வராமல் இருந்தால். ஒரு அரசாணையில் இருக்கும் வகுத்தல் கணக்கு, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை எத்தனை மணிக்குப் படிக்கும் என்பது வரை வந்து இறங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கல். பிளஸ் டூவுக்கு விரிவாக எழுதிப் பழக வேண்டும். படம், வரையறை, தேற்றம், பத்து மார்க் கேள்வி. நுழைவுத் தேர்வோ நான்கு விடையில் ஒன்றைக் கருப்பாக்குகிற வேலை, வேகம் வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு விதமான படிப்பு. பிராக்டிகல் முடிந்து, மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்ததும், கோடையில் நுழைவுத் தேர்வு வரை நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் தலையெழுத்தை எழுதும் வாரங்கள். 'கிராஷ் கோர்ஸ்' என்ற வார்த்தை நம் ஊர்ச் சுவர்களில் ஏறியது அந்த வாரங்களுக்காகத்தான்.

கும்மிடிப்பூண்டி லைனில்

நான் எழுதியது 1997-இல். அந்த வருடம்தான் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உண்டாகியிருந்தது. நம் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995-இல் தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. கவரைப்பேட்டையிலேயே ஒரு பொறியியல் கல்லூரி என்பது எங்களுக்கு நம்ப முடியாத விஷயம். ஜி.என்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது எட்டி எட்டிப் பார்ப்போம். கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது. கோச்சிங்தான் பக்கத்தில் இல்லை. அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். சென்ட்ரல் சுமார் 40 கிலோமீட்டர். பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி ரயில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். வகுப்பு முடித்துத் திரும்ப இன்னொரு அவ்வளவு. டைம்டேபிளில் 'பயணம்' என்று ஒரு கட்டம் போட வேண்டியிருந்தது. பட்டணத்துப் பையன் தாளில் அந்தக் கட்டமே இருக்காது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பா சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அப்பா பகலில் தூங்குவார். வாய்விட்டுப் படிக்கக் கூடாது, ரேடியோ கூடாது, கதவைத் தட்டக் கூடாது. ஒரே அறை இருக்கிற வீட்டில் வேறு எங்கே போவது? அதனால் என்னிடம் ஒரு டைம்டேபிள் கிடையாது, மூன்று இருந்தன. ஏ ஷிஃப்ட் வாரத்துக்கு ஒன்று, பி-க்கு ஒன்று, சி-க்கு ஒன்று. சி ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுக்கக் கணக்குதான். கணக்குக்குத்தான் சத்தம் வேண்டாம். கெமிஸ்ட்ரி சமன்பாடுகளை உருப்போடுவதெல்லாம் ராத்திரிக்கு. கரண்ட் போனால் ஸ்டேஷன் பிளாட்பாரம் விளக்குக்குப் போய்விடுவோம். கூட்ஸ் வண்டி நீளமாகப் போகும். அது போய் முடிவதற்குள் ஒரு கணக்கை முடிக்க வேண்டும் என்று பந்தயம் கட்டுவோம். வேகப் பயிற்சி அப்படித்தான்.

எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். பிளஸ் டூ பாடம் முடிந்த பிறகும் கோடை லீவில் சைக்கிளில் வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்காருவார். பைசா வாங்கமாட்டார். எங்கள் டைம்டேபிள்களை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "டேய், ஆறுலேந்து எட்டு கணக்குன்னு எழுதியிருக்கே. ரெண்டு மணி நேரம் உக்காந்தா அது படிப்பாடா? நேரத்த எழுதாதே. எத்தன கணக்கு முடிப்பேன்னு எழுது. வாரத்துல ஒரு நாள காலியா விடு. தவறிப்போனத அன்னிக்குப் பிடி." செங் துவான்லியின் வெற்றுக் கட்டத்தை எங்கள் வாத்தியார் படித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். உட்கார்ந்த நேரத்துக்கு டிக் கிடையாது, முடித்த வேலைக்குத்தான்.

மெட்டீரியல் வந்த வழியும் ஒரு கதை. சென்னையில் 1970-இல் தொடங்கிய பிரில்லியன்ட் டுடோரியல்ஸ் தபால் வழிப் பயிற்சி அந்தக் காலத்தில் நாடெங்கும் பிரபலம். யாரோ ஒரு வசதியான வீட்டு அண்ணனுக்கு வந்த கட்டு, அவர் படித்து, அவர் மாமா பையன் படித்து, ஜெராக்ஸாகி, அதன் ஜெராக்ஸாகி, கடைசியில் எங்கள் கைக்கு வரும்போது பிளஸ்ஸா மைனஸா என்று தெரியாது. "இது மைனஸ்தாண்டா, போட்டுப் பாரு விடை வரும்" என்று சீனியர் அண்ணன் சொல்வார். போட்டுப் பார்த்தே பாதி கணக்கைக் கற்றுக்கொண்டோம்.

ரிசல்ட்டில் திருப்தி இல்லாதவர்களுக்கு இம்ப்ரூவ்மென்ட் என்று ஒரு வழி இருந்தது. ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி பிளஸ் டூ எழுதுவது. அவர்களுடைய டைம்டேபிள் ஒரு முழு வருடத்துக்கு நீளும். அதற்கு ஒரு வருடம் சம்பாதிக்காமல் இருக்க வீட்டில் அனுமதி வேண்டும். எங்கள் தெருவில் அது கிடைத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

எங்களோடு படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. பள்ளியில் கணக்கில் அவள்தான் முதல். சென்னைக்குக் கோச்சிங் அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. திரும்பி வர இருட்டிவிடும் என்பது காரணம். அவள் தாளை ஒரு தரம் பார்த்தேன். காலை நாலரைக்குத் தண்ணீர், ஐந்தரைக்குச் சமையல், அதற்கு நடுவில் 'இன்டக்ரேஷன் 5' என்று எழுதியிருந்தாள். நாங்கள் யாரும் அப்படி உண்மையாக ஒரு டைம்டேபிள் போட்டதில்லை. பிளஸ் டூவில் எங்களைவிட நன்றாக வாங்கினாள். நுழைவுத் தேர்வின் வேகத்துக்குப் பயிற்சி இல்லாததால் அந்த நூறில் பின்தங்கிவிட்டாள். பொன்னேரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். இன்றைக்கு அவர் கணித ஆசிரியை. அவரிடம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்ஜினியர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மேலே சொன்ன 100 மார்க் எதை அளந்தது என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

தேர்வு போன கதை

இந்த வேறுபாடு அரசுக்கும் தெரியாமல் இல்லை. 1990களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 15 சதவீத இடம் ஒதுக்கினார்கள். பிறகு அதை 25 ஆக்கினார்கள். பின்னர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2005-இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையே ரத்து செய்து ஆணை பிறப்பித்தது. இம்ப்ரூவ்மென்ட் மார்க்கும் செல்லாது என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமாகக் கொண்டுவந்தும் 2006-இல் அது தள்ளுபடியாயிற்று. ஆட்சி மாறியது. கருணாநிதி அரசு, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் நிபுணர் குழு அமைத்து, அதன் பரிந்துரையோடு 2006 டிசம்பரில் புதிய சட்டம் இயற்றியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. உயர் நீதிமன்றமும் இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. இரண்டு எதிரெதிர்க் கட்சிகள் அடுத்தடுத்து ஒரே காரியத்தைச் செய்து முடித்தன என்பது நம் மாநில வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விஷயம் அல்ல.

எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மாநில போர்டு, சி.பி.எஸ்.இ. என்று வெவ்வேறு அளவுகோலில் வாங்கிய மார்க்கை எப்படி ஒன்றாகப் பார்ப்பது? பொதுவான ஒரு தேர்வு வேண்டாமா? இதற்குச் சட்டம் சொன்ன வழி, ஒவ்வொரு போர்டிலும் அந்தந்தப் பாடத்தில் முதல் மார்க்கை மாநில போர்டின் முதல் மார்க்குக்குச் சமமாக வைத்து மற்றவற்றை அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்வது. அப்படி 2006-ஓடு முடிந்தது நம் நுழைவுத் தேர்வு. இருபத்திரண்டு வருடம் கிராஷ் கோர்ஸ் பேனர் தொங்கிய கம்பங்களில் வேறு பேனர் ஏறியது. 300 போய் 200 ஆயிற்று.

தேர்வு போனதும் எல்லாம் சுகமாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. இப்போது பிளஸ் டூ மார்க் ஒன்றுதான் கதி. அதனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்துகிற விடுதிப் பள்ளிகள் பெருகின. நாமக்கல் பக்கம் பெயர் பெற்றது அப்படித்தான். கேள்வித்தாள் புளூ பிரிண்ட் வைத்துப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை வரிக்கு வரி ஒப்பிக்கிற டைம்டேபிள், விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும். அதைப் போடுவதும் மாணவன் இல்லை, நிர்வாகம். ஆனாலும் நம் ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பிள்ளைகள், நிறையப் பேர் பொறியியலுக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். 1997-இல் என்னால் கணக்கிட முடிந்த அளவுக்கு ஒரு பிள்ளை கணக்கிட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது சின்ன விஷயமில்லை.

இன்றைய நிலை

பொறியியலுக்கு இன்றும் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு கிடையாது. 2018 முதல் கலந்தாய்வே ஆன்லைன். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். அதில் பதினொன்றும் பன்னிரண்டும் இரண்டும் வரும். பிளஸ் டூ மார்க் தேறினால் போதும், எடை கிடையாது. இருநூறும் நூறும் என்று இருந்தது தலைகீழாகிவிட்டது. 2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, நீட் வந்த பிறகு தமிழ் வழியில் படித்தவர்கள் மருத்துவத்தில் சேர்வது குறைந்துபோனதையும், சேர்கிறவர்களில் திரும்பத் திரும்ப எழுதியவர்களே பெரும்பான்மை ஆனதையும் எடுத்துக்காட்டியது. பழைய இம்ப்ரூவ்மென்ட் வேறு சட்டையில் வந்துவிட்டது. மறுபடியும் ஒரு வருடம் சும்மா இருக்க வசதி வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல் முதலான படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து போன பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பது அவர்கள் வீட்டாருக்குத் தெரியும்.

டைம்டேபிள் போடுவது என்னவோ மாறவில்லை. காலண்டர் தாள் போய் செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுநூறு வருட வரலாற்றைப் புரட்டி நான் தெரிந்துகொண்டது இரண்டே விஷயம். ஒன்று, தேர்வின் மார்க் சூத்திரத்தை முதலில் புரிந்துகொள்ளாமல் போடும் அட்டவணை வெறும் அலங்காரம். இரண்டு, அட்டவணையில் எழுத நமக்கென்று மணிநேரம் இருக்க வேண்டும். சூத்திரத்தை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். மணிநேரத்தை வீடும் ஊரும்தான் கொடுக்க முடியும். வெளிச்சம், ஒரு மேசை, சத்தமில்லாத இரண்டு மணி நேரம், பெண் பிள்ளை என்றால் இருட்டுவதற்குள் வீடு திரும்பத் துணை.

ஆகவே சங்க நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நாம் ஒவ்வொரு வருடமும் பழைய மாணவர் சங்கம் சார்பில் பள்ளிகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுக்கிறோம். நல்ல காரியம், தொடரட்டும். அதோடு கூட, கவரைப்பேட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கங்களில் இருக்கிற நம் ஆட்கள், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு உட்காருவோம். அந்தப் பிள்ளை எழுத விரும்பும் தேர்வில் எதற்கு எத்தனை மார்க் என்று கூட்டிக் காட்டுவோம். வீட்டில் என்ன வேலை, அப்பா அம்மா எத்தனை மணிக்கு வருவார்கள், எந்த நேரம் அமைதியாக இருக்கும் என்று கேட்போம். முதலில் அதை எழுதுவோம். பாடத்தை அப்புறம் எழுதுவோம். நேரத்தை எழுதாமல் முடிக்க வேண்டிய வேலையை எழுதுவோம். வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விடுவோம். மாதம் ஒரு தடவை போனில் கேட்போம். வீட்டில் இடம் இல்லாத பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுவோம். கரண்ட் பில்லைச் சங்கம் கட்டட்டும்.

விருப்பம் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆடிட்டோரியம் வாசலில் உள்ள பதிவு மேசையில் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மேசையில் வெற்றுக் கட்டம் போட்ட தாள்களும் ஒரு கட்டு வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.